சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

இளங்கோ, நேற்று போனில் உன்னிடம் பேச ஆரம்பித்தேன். "கல்யாண டென்ஷன்ல இருக்கேம்மா, ஊருக்கு வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாய். அதுவரைக்கும் என்னால் பொறுக்க முடியாது. அதோடு, முகத்தைப் பார்த்துப் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ சமாதானம் சொல்வாய், பேச்சு அங்கேயே முடிந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி. திருவண்ணாமலையில் உன்னோடு வேலை பார்க்கும் மற்ற வாத்தியார்களுக்கும் படிக்கக் கொடுத்தால் எனக்குச் சந்தோஷம்தான். இதில் மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

போன வாரம் நித்யாவுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோம் என்பது உனக்குத் தெரியும். நித்யா, அவள் அம்மா, நான் மூன்று பேரும் போனோம். செஞ்சி கடைத்தெருவில் மாடியிலும் கீழேயும் புடவை விற்கும் பெரிய கடைதான். பட்டுப் பிரிவில் எங்களுக்குப் புடவை எடுத்துக் காட்டியது ஒரு சின்னப் பெண். கடையில் கொடுத்த புடவையைக் கட்டியிருந்தாள், ஆனால் புடவை கட்டிப் பழகாத உடம்பு அது என்று பார்த்தாலே தெரிந்தது. ஒவ்வொரு புடவையாகப் பிரித்துத் தன் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று நித்யாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். சலிக்கவே இல்லை. நித்யாவின் அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போய், "மாப்ள வாத்தியாரும்மா. இந்த ஊர் ஸ்கூல்ல தான் இருந்தாரு, இப்ப திருவண்ணாமலைல வைஸ் பிரின்ஸ்பால். அவரு கண்ணுக்கும் புடிக்கணும், அந்த மாரி எடுத்துக் காட்டு" என்றார். அந்தப் பெண் எந்தப் பள்ளி, எந்த சார் என்று கேட்டாள். உன் பேரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "எங்க சாருக்கா கல்யாணம்? அய்யோ, எனக்குத் தெரியவே தெரியாதே! நான் அவருகிட்ட தான்க்கா மேக்ஸ் படிச்சேன்" என்று நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இன்னா படிக்கிற இப்ப? பகுதி நேரமா வேலைக்கு வரியா?" என்று கேட்டேன். "இல்லம்மா, நின்னுட்டேன். நைன்த்தோட" என்றாள். ஏன் என்று கேட்டேன். வெட்கமோ வருத்தமோ இல்லாமல், கேட்ட புடவையின் நிறம் இல்லை என்று சொல்வது போல, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் படிப்பு வராதும்மா. சாரே சொல்லிட்டாரு."

எந்த சார் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "நம்ம சார் தாம்மா. ரொம்ப நல்லவரு. மத்த மிஸ்ஸுங்க மாரி கத்தல. நைனாவைக் கூப்டு பக்குவமா எடுத்துச் சொன்னாரு. டி.சி. வாங்கினு வந்துட்டோம்." சொல்லிவிட்டு அவள் மேல் அடுக்கில் கைவிட்டு, "சார் வொய்ஃபுக்கு நல்லதா எடுக்கணும், இருங்க, உள்ள புது ஸ்டாக் வந்திருக்குது" என்று ஓடினாள். நான் அந்த மெத்தையில் உட்கார்ந்தபடியே இருந்தேன். நித்யாவின் அம்மா ஏதோ கேட்டார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நித்யா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பெண் எடுத்துக் கொடுத்த அரக்குப் புடவையைத்தான் வாங்கினோம். பஸ் ஸ்டாண்டில் கோட்டை பார்க்க வந்த காலேஜ் பிள்ளைகள் கூட்டம். அந்தச் சத்தத்தில் நித்யா என் பக்கத்தில் வந்து, "அத்தை, அவரு அப்டி சொல்லியிருப்பாரா?" என்று கேட்டாள். சொல்லியிருக்க மாட்டான் என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பிறந்ததிலிருந்து உன்னைப் பற்றி யார் எது கேட்டாலும் பதில் வைத்திருந்தவள் நான்.

அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன். பொய் என்று சொல்வாய், இல்லை, வேறு யாரோ என்று சொல்வாய் என்றுதான் நினைத்தேன். நீ கொஞ்சம் யோசித்து, "சங்கீதாவா? அனந்தபுரத்துப் பொண்ணு. ஆமாம்மா, நைன்த்ல மேக்ஸும் சயின்ஸும் போயிடுச்சி. டென்த்துக்கு ஏத்தினா ரிசல்ட் அடி வாங்கும்னு மேனேஜ்மெண்ட்ல சொன்னாங்க. எல்லா ஸ்கூல்லயும் நடக்கறது தான். நான் ஒண்ணும் திட்டி அனுப்பல, டி.சி.ல பாஸ்னு போட்டு, மரியாதையா தான் பேசி அனுப்பினேன்" என்றாய். அவளை மட்டுமா என்று கேட்டதற்கு, "ஏழெட்டு பேரு இருக்கும்" என்றாய். இருக்கும் என்கிற அந்தச் சொல்லில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை பிள்ளைகள் என்பது கூட உனக்கு நிச்சயமில்லை. மே மாதம் ரிசல்ட் வந்தபோது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உங்கள் பள்ளி பெரிய பேனர் கட்டியது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஓரத்தில் உன் போட்டோவும் இருந்தது. நான் நம் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தேன். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் சிலர் அதே பேனருக்குக் கீழே நடந்துதான் வேலைக்குப் போயிருப்பார்கள். யாராவது ஒருத்தி கேசரி கூடச் சாப்பிட்டிருக்கலாம்.

"அந்தப் பொண்ணுக்கு ஏன் மார்க் கொறஞ்சுதுன்னு கேட்டியாடா?" என்று கேட்டேன். "நாப்பது பேரும்மா. ஒவ்வொருத்தர் வூட்டுக் கதையும் கேட்டுனு இருந்தா போர்ஷன் எப்ப முடிக்கிறது?" என்றாய். நீ கேட்கவில்லை, சரி, நான் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அனந்தபுரம் பஸ் ஏறினேன். உன் நைனா, "நீ போயி இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

சங்கீதாவின் அப்பா பெயர் ஏழுமலை. செஞ்சி நெல் கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். நான் யார் என்று சொன்னதும் அந்த மனிதர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "சாரோட அம்மாவா! எங்க வூட்டுக்கா வந்தீங்க?" என்று கேட்டு, வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சின்ன மகளைக் கலர் சோடா வாங்கிவர அனுப்பினார். நான் வேண்டாம் என்றதை யாரும் கேட்கவில்லை. அவர் மனைவி தேவகி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். சங்கீதா ஒன்பதாவது படித்த வருஷம் அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்திருக்கிறது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருந்ததும், வீட்டுக்கு வந்த பிறகு புண் ஆறாமல் திரும்பப் போனதுமாகப் பாதி வருஷம் ஓடியிருக்கிறது. அந்த நாளெல்லாம் சமையலும், அம்மாவுக்குத் துணைக்கு இருந்ததும், தங்கையைப் பள்ளிக்கு அனுப்பியதும் சங்கீதாதான். பரீட்சை நேரத்தில் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பஸ் ஏறி நேராகப் பள்ளிக்கு வந்திருக்கிறாள். "லீவு போட்டா சாரு இன்னா சொல்லுவாரோன்னு பயந்துனு ஓடுவா" என்றார் தேவகி. அவர் உன்னைக் குறை சொல்லவில்லை. உன் மேல் அவள் வைத்திருந்த பயபக்தியைப் பெருமையாகச் சொன்னார்.

ஏழுமலையிடம், சார் என்ன சொன்னார் என்று கேட்டேன். இந்தப் பகுதியை நீ இரண்டு தடவை படிக்க வேண்டும். "சாரு எனக்கு சேர் போட்டு உக்கார வச்சாரும்மா. நான் மூட்டை தூக்கிட்டு அப்டியே அழுக்கோட போயிருந்தேன். நிக்கிறேன் சார்னேன், கேக்கல. டீ வாங்கிக் குடுத்தாரு. என் வயசுக்கு எந்த ஆபீஸுலயும் என்னை யாரும் உக்காரச் சொன்னதில்ல. அப்புறம் சொன்னாரு, உங்க பொண்ணு நல்ல பொண்ணு, ஆனா படிப்பு ஏறாது, கஷ்டப்படுத்தாதீங்க, கையில ஒரு வேலை கத்துக்கட்டும், நல்லா இருப்பான்னு. அவ்ளோ மரியாதையா சொல்ற மனுசன் சொன்னா சரியா தான இருக்கும்?" நீ அந்த மனிதரைக் கத்தி விரட்டியிருந்தால் அவர் உன்னோடு சண்டை போட்டிருப்பார், இளங்கோ. இந்தப் பள்ளி இல்லாவிட்டால் வேறு பள்ளி என்று கோபத்தோடு மகளை இழுத்துக்கொண்டு போயிருப்பார். நீ நாற்காலி போட்டாய். உனக்கு நான் சொல்லிக்கொடுத்த மரியாதை அது. வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல், குடிக்க ஏதாவது கொடு என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தேன். அதை இப்படி ஒரு வேலைக்குப் பயன்படுத்த முடியும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

"வேற ஸ்கூல்ல ஏன் சேக்கல? இங்கியே கவர்மெண்ட் ஸ்கூல் இருக்குதே" என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "படிப்பு வராதுன்னு அந்த சாரே சொன்ன பொறவு எந்த ஸ்கூல்ல எடுப்பாங்க?" என்று கேட்டார். அப்போது சின்னவள் கலர் பாட்டிலோடு வந்து நின்றாள். பவித்ரா என்று பேர். நீ என்ன படிக்கிறாய் என்று அவளைக் கேட்டேன். அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர்தான் சொன்னார்: "எட்டாவதோட நிறுத்திட்டேம்மா, இந்த ஜூன்ல. இங்க தான் படிச்சினு இருந்தா. வர மாசம் அக்கா கூட கடைக்கே அனுப்பிடலாம்னு." பவித்ரா மெதுவாக, "நான் நல்லா தான் படிப்பேன்" என்றாள். ஏழுமலை அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "அக்காவும் நல்லா தான் படிச்சா. சாரு சொன்னப்புறம் தான நமக்குத் தெரிஞ்சுது" என்றார்.

கையில் கொடுத்த கலரைக் குடித்தேனா, கீழே வைத்தேனா, நினைவில்லை. அந்தச் சின்னப் பெண்ணை நீ பார்த்தது கூட இல்லை. அவள் உன் பள்ளியில் ஒரு நாளும் படித்ததில்லை, உன் ரிசல்ட்டுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ ஒருத்திக்குச் சொன்னது அடுத்தவளையும் சேர்த்து வீட்டில் உட்கார வைத்துவிட்டது. மீதி ஏழெட்டு பேர் வீடுகளில் எத்தனை தம்பி தங்கைகள் இருக்கிறார்களோ. திரும்பி வரும் பஸ்ஸில் அந்த ஒரு நினைப்பை என்னால் நகர்த்தி வைக்கவே முடியவில்லை.

நான் சத்துணவு அமைப்பாளர்தான், வாத்தியார் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் தட்டோடு வரிசையில் வரும் பிள்ளைகளைப் பார்த்தவள். அதனால் பள்ளிக்கூடத்தில் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அனந்தபுரம் அரசுப் பள்ளியில் இப்போது தலைமையாசிரியையாக இருப்பவர் முன்பு எங்கள் பள்ளியில் இருந்தவர்தான். மறுநாள் போய் நடந்ததைச் சொன்னேன். உன் பேரை மறைக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல், மேஜையையே பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு, "ரெண்டு பேரையும் கூட்டினு வாங்க. சின்னவளை ஒன்பதாவதுல போட்டுக்கறேன், பெரியவளைப் பத்தாவதுல. இந்த மாசக் கடைசி வரைக்கும் இடம் வச்சிருக்கேன், அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். ஏழுமலையிடம் போய்ச் சொன்னபோது, "எடுத்துப்பாங்களா? நெசமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். புதன்கிழமை பவித்ரா பள்ளிக்குப் போய்விட்டாள். புது யூனிஃபார்ம் தைக்க நேரம் இல்லை, எட்டாவது யூனிஃபார்மின் மடிப்பைப் பிரித்துவிட்டுப் போட்டு அனுப்பினார்களாம்.

சங்கீதா வரமாட்டேன் என்றுவிட்டாள். மதிய சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து என்னோடு பேசினாள். தலைமையாசிரியை கூப்பிடுகிறார் என்றேன், தங்கை போக ஆரம்பித்துவிட்டாளே என்றேன், ஒரு வருஷம் போனால் போகட்டும் என்றேன். அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, "நீங்க என் நல்லதுக்குத் தான் சொல்றீங்கம்மா. ஆனா வேணாம். மறுபடியும் பெயிலாவேன். மறுபடியும் நைனாவைக் கூப்டு உக்கார வச்சி சொல்லுவாங்க. அன்னிக்கு ஸ்கூல்ல இருந்து வந்து நைனா என்னை ஒரு வார்த்தை திட்டல. வரும்போதே எனக்கு வளையல் வாங்கினு வந்தாரு. திட்டியிருந்தா கூட பரவால்ல" என்றாள். "நான் சொன்னா நம்பல, ஹெச்.எம். சொன்னா நம்பல. யாரு சொன்னா நம்புவ?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவள். "சாரு சொன்னா வருவேன்" என்றாள். உடனே, "சாரு ஏன் வரப்போறாரு, கல்யாண வேலை இருக்கும்ல" என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இதைச் சொல்லத்தான் நேற்று போன் செய்தேன்.

உன் மேல் கோபமாக இருக்கிறேன் என்று நினைக்காதே. கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் அதிர்ந்துபோய் இருக்கிறேன், அவ்வளவுதான். உனக்கு நினைவிருக்கும், நீ ஒன்பதாவது படித்தபோது அரையாண்டில் கணக்கில் பெயிலாகிவிட்டாய். டைபாய்டு வந்து எழுந்த வருஷம் அது. பள்ளியில் இதே போல்தான் உன் நைனாவைக் கூப்பிட்டார்கள், வேறு பள்ளி பாருங்கள் என்று சொன்னார்கள். அவர் மோட்டார் வைண்டிங் கடையிலிருந்து அப்படியே எழுந்து போனவர், யாரும் உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே சொன்னார்: "பையனுக்கு ஒடம்பு சரியில்ல சார், அதான் பெயிலு. படிக்கலன்னா என்னைக் கூப்டுங்க, எத்தனை வாட்டி வேணாலும் வரேன். டி.சி. வாங்கிக்கச் சொல்லாதீங்க, நான் வாங்க மாட்டேன்." நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் கணக்கு வாத்தியாருக்குக் கோபம்தான். ஆனால் அதே வாத்தியார்தான் அதற்குப் பிறகு சாயங்காலம் உன்னை உட்கார வைத்துக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அவர் சொல்லிக்கொடுத்த கணக்கைத்தான் நீ இன்றைக்கு மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய்.

உனக்கும் சங்கீதாவுக்கும் மூளையில் என்ன வித்தியாசம் என்று நான் ரொம்ப யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் நைனாவுக்கு, வாத்தியாரிடம் முடியாது என்று சொல்லலாம் என்பது தெரிந்திருந்தது. ஏழுமலைக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. அவருக்கும் மகள் மேல் உயிர்தான், வளையல் வாங்கிக்கொண்டு வந்த மனிதர். இப்படிச் சொல்லத் தெரியாத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தையை யார் சொல்வது? வகுப்பில் நிற்கும் நீதானே சொல்ல வேண்டும்? மேனேஜ்மெண்ட் சொன்னால் வேலை போய்விடும் என்று நீ பயப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. கல்யாணம் வைத்திருக்கிற பிள்ளையிடம் வேலையை விடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது நீ வைஸ் பிரின்ஸ்பால். நாளைக்கு உன் எதிரே வந்து நிற்கப்போகிற வாத்தியார்களிடம், இந்தப் பிள்ளையின் வீட்டில் இந்த வருஷம் என்ன நடந்தது என்று கேட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்க உன்னால் முடியும். கேட்டு வராதவனிடம் டி.சி.யில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லவும் முடியும். மற்ற ஏழெட்டு பேர் யார் யார் என்று நீ உட்கார்ந்து யோசித்து எனக்குச் சொல். நானும் நித்யாவும் போய்ப் பார்க்கிறோம். அவளே வருகிறேன் என்றாள்.

முதலில் சங்கீதாவைப் போய்ப் பார். நான் கூட வரமாட்டேன், நித்யாவும் வரமாட்டாள். நீ நன்றாகப் படிப்பாய், முதல் மார்க் வாங்குவாய் என்றெல்லாம் அவளிடம் சொல்லாதே. அதுவும் நீ அறியாத விஷயம்தான். ஒருமுறை தெரியாமல் சொன்னது போதும். நீ சொல்ல வேண்டியது இதுதான்: உனக்குப் படிப்பு வருமா வராதா என்று எனக்குத் தெரியாது சங்கீதா, உன் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் உன் அப்பாவிடம் அப்படிச் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது. ஏழுமலைக்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும். அவர் எப்படியும் உனக்கு நாற்காலி போடுவார். நீ உட்காராதே, நின்றுகொண்டே சொல்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு. அவள் வீட்டில்தான் இருப்பாள்.

அம்மா